கட்டுமரம் பிடித்த லென்ஸ்

எசோன், பிரான்ஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும்,

இங்கே எல்லோரும் நலம். பெரியப்பா, உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? பெரியம்மா சர்க்கரை மாத்திரையை வேளை தவறாமல் போடுகிறார்களா? புதுச்சேரியில் கத்திரி முடிந்தும் வெயில் தணியவில்லை என்று தம்பி சொன்னான். இங்கே இப்போதுதான் ஸ்வெட்டரை மடித்துப் பெட்டியில் வைத்தோம். ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கிறது. குளிர்காலத்தில் ஐந்து மணிக்கெல்லாம் இருட்டி மனதைப் பிசைந்ததற்கு இந்த மாதங்கள்தான் ஈடு.

போனில் உங்கள் பழைய நிக்கான் லென்ஸைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பிள்ளைகள் சத்தம், அடுப்பில் சாம்பார். "அந்த 135 எம்எம் அங்க எதுக்காவது ஆகுதா, இல்ல பீரோவுல தூங்குதா?" என்று கேட்டீர்கள். ஆகிறது பெரியப்பா. அதை வைத்துக்கொண்டு நான் பழைய ரேஸ் கார்களைப் படம் எடுக்கிறேன். போனில் சொன்னால் தீராது என்பதால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாழ்க்கை எப்படி என்று பெரியம்மா கேட்பார்கள். ஓர்லி விமான நிலையத்தில் அதே வேலைதான், அதிகாலை ஷிஃப்ட். மூன்றரைக்கு எழ வேண்டும். என் வீட்டுக்காரருக்கு வேலை மாலையில், அதனால் பிள்ளைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்கிறோம். கறிவேப்பிலை, முருங்கைக்காய், நம்மூர் அப்பளம் எல்லாம் பாரிசில் லா ஷப்பல் பக்கம் போனால் கிடைத்துவிடும். பிரெஞ்சு இப்போது வாயில் தடங்கலில்லாமல் வருகிறது. பேச ஆள்தான் குறைவு. பக்கத்து வீட்டில் "போன்ழூர்" என்பதோடு கதவு மூடிவிடும். அந்தத் தனிமையில் எனக்கு இந்த நாட்டை முதலில் திறந்துவிட்டது உங்கள் லென்ஸ்தான்.

எங்கள் வீட்டிலிருந்து காரில் கொஞ்ச தூரம் போனால் மோன்லேரி. அங்கே 1924-ல் கட்டிய ரேஸ் பாதை ஒன்று இன்னும் நிற்கிறது. ஒரு சுற்று இரண்டரை கிலோமீட்டர். இரண்டு முனைகளிலும் கான்கிரீட் தளம் சரிந்து எழும்பும். மேலே போகப் போகச் செங்குத்தாகிக்கொண்டே போகும். ஆயிரம் கிலோ எடையுள்ள கார் மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் மேல் விளிம்பை ஒட்டி ஓடினாலும் வெளியே வீசப்படாமல் தளத்தோடு அழுந்தி நிற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டியது. நூறு வருடக் கான்கிரீட் என்பதால் இணைப்புக்கு இணைப்பு மேடும் பள்ளமும். கார் ஏறும்போது நான்கு சக்கரமும் தனித்தனியே துள்ளுவது கண்ணுக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மே மாதத்தில் இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டும் கொண்டுவந்து இங்கே ஓட்டுகிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்ட வேண்டிய விலையுள்ள வண்டிகள். அவற்றை முழு வேகத்தில் விரட்டுகிறார்கள் பெரியப்பா, அதுதான் எனக்குப் பிடித்தது.

இதே பாதையில் 1929 டிசம்பரில் எல்லே நீஸ் என்ற பெண் புகாத்தி காரில் மணிக்கு 194 கிலோமீட்டர் வேகம் தொட்டுப் பெண்களுக்கான உலகச் சாதனை படைத்தார். அந்தக் குளிரில், சீட் பெல்ட் கிடையாது, தலைக்குத் துணிக் குல்லாய்தான். அந்த வளைவைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் நினைப்புதான்.

இனி லென்ஸுக்கு வருகிறேன். கேமரா இங்கே பழையதாக வாங்கிய சோனி. நிக்கான் லென்ஸ் அதில் நேராக உட்காராது. நிக்கானில் லென்ஸின் அடியிலிருந்து ஃபிலிம் வரை 46.5 மில்லிமீட்டர். சோனியில் சென்ஸார் வரை 18தான். அதனால் நடுவில் 28.5 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஓர் உலோக வளையத்தை மாட்டினால் போதும், கணக்கு சரியாகிவிடும். வளையத்துக்குள் கண்ணாடியே கிடையாது. பரங்கிப்பேட்டை பாய் சிங்கப்பூரிலிருந்து உங்களுக்காக வாங்கிவந்த லென்ஸ் இந்தக் கேமராவில் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. ரப்பர் பிடி கொஞ்சம் வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான். வெளிச்சம் அடிக்காமல் மறைக்க உள்ளேயிருந்து இழுக்கும் அந்த ஹூட் இன்னும் தொளதொளக்காமல் நிற்கிறது.

ஃபோகஸ் எப்படிப் பிடிக்கிறேன் என்றுதானே கேட்பீர்கள்? நீங்கள் வீராம்பட்டினத்தில் சொல்லிக்கொடுத்தபடிதான். கரைக்குத் திரும்பும் கட்டுமரத்தை நான் லென்ஸை உருட்டி உருட்டித் துரத்திக்கொண்டிருந்தபோது, "மரத்த வுடு. அல எங்க ஒடையுதோ அந்த எடத்தப் புடி. அவன் அங்க வந்துதான ஆவணும்" என்றீர்கள். இங்கேயும் அதேதான். மணிக்கு 130 கிலோமீட்டரில் எதிரே வரும் கார் நொடிக்கு 36 மீட்டர் கடக்கிறது. அறுபது மீட்டரில் கண்ணில் பட்டு, கையால் திருகிச் சரிசெய்வதற்குள் நம்மைத் தாண்டியிருக்கும். ஆகவே கார் வருவதற்கு முன்பே கான்கிரீட்டில் ஓர் அடையாளம் பார்த்துக்கொள்கிறேன். தார் ஊற்றிய ஓர் இணைப்பு, டயர் தேய்த்த ஒரு கறுப்புக் கோடு. வியூஃபைண்டரில் பெரிதாக்கி அதற்கு ஃபோகஸ் வைத்துவிட்டு, அப்புறம் லென்ஸின் ஃபோகஸ் வளையத்தைத் தொடுவதே இல்லை.

இருபது மீட்டருக்கு வைத்து, லென்ஸின் துளையைச் சுருக்கி எஃப் 8-ல் எடுத்தால், ஃபிலிம் காலத்துக் கணக்குப்படி சுமார் 16 மீட்டரிலிருந்து 27 மீட்டர் வரை தெளிவு கிடைக்க வேண்டும். டிஜிட்டலில் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டதால் அந்தக் கணக்கில் பாதியைத்தான் நான் நம்புகிறேன். ஃபோகஸான விளிம்புகளில் சிவப்புப் புள்ளி காட்டும் வசதி ஒன்று கேமராவில் உண்டு. பளபளக்கும் நிக்கல் ரேடியேட்டர் முன்னால் அது பொய் சொல்லும். ஃபோகஸ் இல்லாத இடத்திலும் மின்னும். கண்ணால் பெரிதாக்கிப் பார்ப்பதுதான் நிச்சயம்.

நீங்கள் ரசிக்கக்கூடிய விஷயம் சக்கரம். 1924-ல் வெளிவந்த புகாத்தி 35-க்கு அலுமினியத்தில் வார்த்த சக்கரம், எட்டு தட்டையான ஆரங்கள். டயரோடு சேர்த்து விட்டம் எழுபது சென்டிமீட்டர் சொச்சம். ஷட்டரை நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு மட்டும் திறந்து எடுத்தால் ஆரம் எட்டும் எண்ணிவிடலாம். கார் நிறுத்திவைத்த மாதிரி செத்துக் கிடக்கும். நொடியில் 125-ல் ஒரு பங்குக்கு வைத்து, காரோடு இடுப்பைத் திருப்பிக்கொண்டே எடுத்தால், அந்த 130 கிலோமீட்டர் வேகத்தில் ஒவ்வோர் ஆரமும் அடுத்த ஆரத்தின் இடத்துக்குப் போய்ச் சேரும் நேரம்தான் ஷட்டர் திறந்திருக்கிறது. சக்கரம் முழுக்க ஒரே வெள்ளித் தகடாகிவிடும். பின்னால் கான்கிரீட் கோடு கோடாக ஓடும். நடுவில் ஓட்டுநரின் முழங்கை மட்டும் கூர்மையாக நிற்கும். 60-க்கு இறங்கினால் இன்னும் அழகு, ஆனால் தேறுவது குறைவு. என் கை 125-க்குத்தான் பழகியிருக்கிறது.

திரும்பும் வித்தையும் உங்களுடையதே. கார் எந்த இடத்தில் வரும்போது அமுக்கப் போகிறோமோ அந்தப் பக்கம் பாதத்தை வைத்துக்கொண்டு, முழங்கைகளை விலாவோடு ஒட்டி, இடுப்பை மட்டும் பின்னால் திருப்பிக் காத்திருப்பது. அமுக்கிய பிறகும் நிற்காமல் திரும்பிக்கொண்டே போவது. பக்கவாட்டில் போகும் காரோடு நமக்குள்ள தூரம் அதிகம் மாறாது. அதனால் ஃபோகஸ் வளையத்துக்கு வேலையே இல்லை.

ஒன்று கவனமாக இருக்கிறேன். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரைப் போடுவதில்லை. அது படத்தை வரி வரியாகப் படிப்பதால் வட்டச் சக்கரம் முட்டை வடிவமாகச் சாய்ந்துவிடும். லார்த்திக் என்ற பிரெஞ்சுக்காரர் இளைஞராக இருந்தபோது எடுத்த ரேஸ் கார் படம் ஒன்று உலகப் புகழ் பெற்றது. அதில் சக்கரம் முன்னால் சாய்ந்திருக்கும், வேடிக்கை பார்ப்பவர்கள் பின்னால் சாய்ந்திருப்பார்கள். அந்தக் காலத்துக் கேமராவில் ஷட்டரின் இடுக்கு மெதுவாக நகர்ந்ததால் வந்தது அது. அவர் கையில் அது கலையாகிவிட்டது. எனக்குச் சக்கரம் வட்டமாகவே வேண்டும்.

தம்பி கேட்கிறான், "இப்பத்தான் கேமராவே மொகத்தக் கண்டுபுடிச்சு ஃபோகஸ் பண்ணுதே, எதுக்குக்கா இவ்ளோ கஷ்டம்?" என்று. ஆட்டோஃபோகஸில் தேறும் படங்கள் அதிகம்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் இந்தக் கார்களில் ஓட்டுநர் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு முன்னால் நீளமான பானெட், அதற்கும் முன்னால் ரேடியேட்டர். எதிரே வரும்போது துளையை அகலத் திறந்து எஃப் 2.8-ல் எடுத்தால், ரேடியேட்டர் தெளிந்தால் முகம் மங்கும். எனக்கு வேண்டியது அந்த முகம். கண்ணாடி மாட்டிய கண், எண்ணெய் தெறித்த கன்னம், ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டும் கை. இன்றைய ரேஸ் காரில் ஹெல்மெட்டுக்குள் யார் இருக்கிறார் என்றே தெரியாது. இவற்றில் மனிதர் இடுப்புக்கு மேல் வெளியே தெரிகிறார். எது தெளிவாக இருக்க வேண்டும் என்பதை நானே முடிவு செய்து, அந்த இடத்தில் காத்திருந்து எடுத்த படத்தைப் பார்க்கும்போது, அது என் படம் என்று நெஞ்சு நிமிர்கிறது.

வண்டிகளை நிறுத்தும் இடத்தில் கயிறு கட்டி யாரையும் தடுப்பதில்லை. பக்கத்தில் போய் நின்று பார்க்கலாம். அங்கே ஒரு வாசனை வரும் பாருங்கள், கண்ணை மூடினால் நம் வீட்டுக் கூடம். விளக்கெண்ணெய்! ரேஸ் இன்ஜின்களுக்கு அந்தக் காலத்தில் ஆமணக்கெண்ணெய்தான் ஊற்றுவார்களாம். பலர் இன்னும் அதையே ஊற்றுகிறார்கள். ஆயா வெள்ளிக்கிழமை காலையில் மூக்கைப் பிடித்து நமக்கெல்லாம் ஊற்றிய அதே எண்ணெய், சூடேறி எரிகிற வாசனை.

அமில்கார் என்ற குட்டிக் கார் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1,074 சிசி இன்ஜின், பின்பக்கம் கூராக முடியும் உடம்பு. இரண்டு சீட்டும் ஒன்றுக்கொன்று சற்று முன்பின்னாக இருக்கும். உடம்பு அவ்வளவு ஒடுக்கம், சமமாக வைத்தால் தோளும் தோளும் இடிக்கும். நான் லென்ஸ் வளையத்தைக் கையால் திருப்புவதைப் பார்த்துவிட்டு அவரே வந்து பேச்சுக் கொடுத்தார். பொந்திஷேரி என்றதும், பள்ளிக்கூடத்தில் நம்மூர்ப் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸ் பற்றிப் படித்ததைச் சொன்னார். நம் கடற்கரையில் நிற்கும் துய்ப்ளேக்ஸ் சிலையைப் பற்றி நான் சொன்னேன். தீப்பொறி பிளக்கைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த அவர் கையை ஒன்றரை மீட்டரில் நின்று எடுத்தேன். நக இடுக்கில் கறுப்பு எண்ணெய், கட்டைவிரலில் பழைய தழும்பு, பின்னால் காரின் நீலம் கரைந்து கிடக்கிறது. பிரெஞ்சு ரேஸ் கார்களுக்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு, இங்கிலீஷ்காரர்களுக்குப் பச்சை என்பது அந்நாளைய வழக்கம். அந்த நீலத்தை உங்கள் லென்ஸ் கண்ணைப் பறிக்காமல், அமைதியாகக் காட்டுகிறது. பிரிண்ட் போட்டு அவருக்குத் தபாலில் அனுப்பினேன். அவர் வீட்டுக்கு எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். இந்த நாட்டில் ஒரு பிரெஞ்சுக்காரர் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு எனக்கு வந்த முதல் அழைப்பு இது.

இப்போது ஓர் உதவி வேண்டும். செப்டம்பரில் அங்குலேம் என்ற ஊரில் பழைய கார்களை ஊர்த் தெருக்களிலேயே ஓட்டுவார்கள். 1939-ல் தொடங்கிய பந்தயம். கோட்டை மதில்மேல் சுற்றிப் போகும் ரோடு, கொண்டையூசி வளைவுகள். தெரு குறுகல், ஜனம் நெருக்கம். 135 அங்கே நீளம் அதிகமாகிவிடும். உங்கள் 105 எம்எம் எஃப் 2.5 இருந்தால் பொருத்தமாக இருக்கும். வளைவில் கார் மெதுவாகும்போது ஓட்டுநர் முகத்தைப் பிடித்துவிடுவேன்.

அது பீரோவில் தோல் உறைக்குள்தானே இருக்கிறது? ஸ்டுடியோவை மூடியதிலிருந்து யாரும் திறந்திருக்க மாட்டார்கள். கடற்காற்றில் தோல் ஈரத்தை இழுத்துவைத்துக்கொள்ளும் என்று நீங்களே எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள். தம்பியை விட்டு வெளியே எடுக்கச் சொல்லுங்கள். எஃப் 2.5-க்குத் திறந்து, பின்பக்கம் டார்ச் அடித்து, நூல் நூலாகப் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று நீங்கள் ஒரு பார்வை பாருங்கள். இருந்தாலும் அங்கே யாரிடமும் கழற்றக் கொடுக்க வேண்டாம், இங்கே ஒரு நல்ல மெக்கானிக் இருக்கிறார். ஃபோகஸை இன்ஃபினிட்டியில் வைத்து, இரண்டு மூடியும் போட்டு, உறை இல்லாமல் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில் வையுங்கள். அக்கா ஆகஸ்டில் வரும்போது கைப்பையில் எடுத்துவரட்டும். பெரிய பெட்டியில் போட வேண்டாம், தூக்கி எறிவார்கள்.

பெரியம்மா, அக்காவிடம் வடகம் கொடுத்தனுப்புவதாக இருந்தால் லென்ஸுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். தனிப் பையில் கொஞ்சம் தாராளமாகவே கொடுத்தனுப்புங்கள்.

இத்துடன் மூன்று பிரிண்ட் வைத்திருக்கிறேன். நீலப் புகாத்தி படத்தில் காருக்கு முன்னால் இடம் கொஞ்சம் குறைவோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பார்த்துவிட்டு, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள
பாப்பா