உன்னிச்சை வான்கதவுகளின் கீழே குளிப்பவர்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

மாரியில் உன்னிச்சைக் குளம் நிரம்பி வான்கதவுகள் திறக்கப்பட்டால், மட்டக்களப்பு நகரிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் குடும்பம் குடும்பமாகச் சனம் அங்கே கூடுவது வழக்கம். கடந்த தைப்பொங்கல் விடுமுறையில் நானும் பிள்ளைகளுடன் போயிருந்தேன். சோற்றுப் பொதியும் பாயும் கொண்டுவந்து குளக்கட்டு மர நிழலில் இருந்தவர்களைக் கண்டு மகிழ்ந்தேன். கதவுகளுக்குக் கீழே சிறுவர்கள் இறங்கிக் குளிப்பதைக் கண்டபோது அந்த மகிழ்ச்சி போய்விட்டது.

கதவுகள் சிறிதளவே திறந்திருக்கும்போது கீழேயுள்ள தண்ணீர் முழங்காலளவுதான் என்று தோன்றும். ஆனால் நகரில் வெயில் எறித்துக்கொண்டிருந்தாலும், குளத்துக்கு நீர் தரும் மேற்குப்புறக் காடுகளில் பெய்த மழையால் நீர்மட்டம் ஏறி, கதவுகளை மேலும் சில அங்குலம் உயர்த்த நேரலாம். அப்போது பாசி படிந்த கல்லில் நிற்பவருக்குக் கரையேற அவகாசம் இராது. வான்கதவு திறப்பது பத்திரிகையிலும் வானொலியிலும் செய்தியாக வருகிறது என்பது உண்மையே. கீழே நின்று குளித்துக்கொண்டிருப்பவர் அதை எப்படி அறிவார்? கதவை அசைப்பதற்கு முன் ஊத ஒரு சங்கும், இதற்கு அப்பால் இறங்கக்கூடாது என்று கல்லில் தீட்டிய சிவப்புக் கோடும் போதும். குளத்தினுள் குளிக்க விரும்புவோருக்கு, வயலுக்கு நீர் விடும் மதகான துருசிலிருந்து நன்கு விலகிய இடத்தில் படிக்கட்டு அமைக்கலாம். துருசருகே நீர் அடியிலேதான் இழுபடும், மேலே சுழிகூடத் தெரியாமல் இருக்கலாம்.

இதற்கிடையில், சேனாநாயக்க சமுத்திரத்தைப் போல இங்கும் இயந்திரப் படகு விடலாம் என்று சிலர் பேசுகிறார்கள். பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய அந்த நீர்த்தேக்கம் மிகப் பரந்தது. அதைச் சூழ 1954இல் கல்லோயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அங்கே தீவுக்குத் தீவு நீந்தும் யானைகளைப் பார்ப்பதற்காகவே பயணிகள் படகேறுகிறார்கள். உன்னிச்சையோ வயலுக்குப் பாய்வதோடு மட்டக்களப்பு மக்களின் குடிநீருக்கும் ஆதாரமான குளம். சிறுபோகத்துக்கு நீர் விட்ட பின் ஒடுங்கிப்போகும் தண்ணீரில் எண்ணெய் கசியும் இயந்திரங்கள் ஓடுவதையும், தோணியில் வலை போடுபவரின் வலை அறுபடுவதையும் நாம் விரும்பமாட்டோம். துடுப்புத் தோணியில், மிதவை அங்கி அணிவித்து, கரையோரமாகச் சுற்றிக்காட்டினால் அதை எதிர்க்க எனக்குக் காரணமில்லை.

மலசலகூடமோ குப்பைத் தொட்டியோ என் கண்ணில் படவில்லை. உடைந்த போத்தல் ஓடு என் மைத்துனரின் மகனுடைய பாதத்தைக் கிழித்தது. இதில் நம்மவர்களைத்தான் நோக வேண்டும்.

நீர்ப்பாசனத் திணைக்களமும் பிரதேச சபையும் ஒன்றாக அமர்ந்து பேசி, மற்றவற்றுக்குப் பணம் கிடைக்கும்வரை காத்திராமல், அந்தச் சங்கையும் சிவப்புக் கோட்டையுமாவது அடுத்த மாரிக்கு முன்னர் ஏற்படுத்தித் தருமாறு தங்கள் பத்திரிகை வாயிலாக வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
மட்டக்களப்பு.