பூட்டிக் கிடக்கும் பணிமனை: சேலம் மாவட்டப் பள்ளி மேலாண்மைக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு மேல்நிலைப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுத் தலைவி அம்மாக்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சேலத்தில் மோட்டாருக்குக் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ தொழிற்பிரிவில் எலக்ட்ரிக்கல் படித்தவன். அந்தப் படிப்பை வைத்துத்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது.

போன மாதம் நான் படித்த பள்ளிக்குப் போயிருந்தேன். எங்கள் பணிமனைக்குப் பூட்டுப் போட்டிருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். நாங்கள் வயரிங் பழகிய பலகைகளின் மேல் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். விசாரித்தால், பிரிவை மூடச் சொல்லி எந்த உத்தரவும் வரவில்லையாம். சார் ஓய்வு பெற்றார், அவர் இடத்துக்கு யாரும் வரவில்லை. ஒரு வருடம் சேர்க்கை நின்றது, மறு வருடம் அதைப் பற்றிக் கேட்க யாருமில்லை. அவ்வளவுதான்.

தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலை வகுப்பு தொடங்கியபோதே தொழிற்பிரிவும் கூடவே வந்தது. இயந்திரவியல், மின் பொறியியல், ஜவுளி, செவிலியம், வேளாண்மை, அலுவலக மேலாண்மை என்று ஊருக்கு ஏற்ற பிரிவுகள். சேலத்தை விட இதற்குப் பொருத்தமான ஊர் எது? இரும்பாலை, மேட்டூர் மின்நிலையம், ஜவ்வரிசி ஆலைகள், விசைத்தறிகள், கொலுசுப் பட்டறைகள் எல்லாம் இங்கேதான் இருக்கின்றன. கிராமத்துக்குப் போனால் கிணற்றுக்குக் கிணறு மோட்டார்.

"இதையெல்லாம் பட்டறையிலேயே கற்றுக்கொள்ளலாமே, பள்ளிக்கூடம் எதற்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. காயில் கட்டும் கைவேலையைப் பட்டறையில் கற்கலாம்தான். பழைய காயிலில் எத்தனை சுற்று, என்ன கேஜ் கம்பி என்று எண்ணி, அதே மாதிரி கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்துக் கொடுத்துவிடலாம். மோட்டார் ஓடும். ஆனால் பத்தே நாளில் அது மறுபடியும் புகைந்துபோய் வந்தால்? மூன்று பேஸ் மோட்டாருக்கு மூன்று கம்பி வழியாக மின்சாரம் வரும், ஒவ்வொரு கம்பியும் ஒரு பேஸ். மூன்று பேஸ் காயில்களின் ஒரு முனையை ஒன்றாகச் சேர்ப்பதுதான் ஸ்டார் கனெக்ஷன். ஸ்டார் கனெக்‌ஷன் கொடுத்த மோட்டாரைப் பிரித்ததும் இரண்டு பேஸ் காயில்கள் கருகி, மூன்றாவது மட்டும் புதுசு போல இருந்தால், ஓடும்போது ஒரு பேஸ் வராமல் போயிருக்கிறது என்று அர்த்தம். மூன்றும் ஒரே மாதிரி கருகியிருந்தால் பெரும்பாலும் சுமை அதிகம், அல்லது பேரிங் இறுகி மோட்டார் சுற்ற முடியாமல் நின்றிருக்கும். முதல் வகையில் விவசாயியின் ஸ்டார்டரையும் ஃபியூஸையும் பார்க்காமல் காயிலை மட்டும் கட்டிக் கொடுப்பது அவர் பணத்தை ஆற்றில் போடுகிற வேலை. ஏன் இரண்டு மட்டும் கருகுகிறது என்று கரும்பலகையில் படம் போட்டு எனக்குப் புரியவைத்தவர் எங்கள் சார். பட்டறையில் அதைச் சொல்லித்தர என் முதலாளிக்கே தெரியாது.

இன்னொரு பேச்சும் காதில் விழுகிறது. தொழிற்கல்வி என்றாலே குலக்கல்வியைக் கொல்லைப்புறமாகக் கொண்டுவருவது என்கிறார்கள். இந்தப் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 1953இல் அரை நாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்ற திட்டத்தைக் கொண்டுவந்த ராஜாஜி, இதே சேலத்தில் வக்கீலாக இருந்து நகராட்சித் தலைவராகவும் இருந்தவர். காமராஜர் முதல்வரானதும் 1954இல் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. கைவிட்டதால்தான் என்னைப் போன்றவர்கள் முழு நாளும் பள்ளியில் உட்கார முடிந்தது. என் அப்பா தறி நெய்தவர். அவர் பிள்ளை மின்சாரம் படித்தேன். என்னோடு படித்தவர்களில் செருப்புத் தைப்பவர் மகனும் இருந்தான், கடைக்காரர் மகனும் இருந்தான். ஒரே மேசையில் ஒரே மீட்டரை வைத்துப் பழகினோம். அப்பன் தொழிலிலிருந்து பிள்ளையை வெளியே கூட்டிவரும் வாசலாகத்தான் எனக்கு அந்தப் பிரிவு இருந்தது. அதை மூடினால் மறுபடியும் அப்பனின் பட்டறைக்குத்தான் பிள்ளை போவான்.

ஆனால் ஒரு தப்பை நாமே செய்கிறோம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும், மார்க் குறைந்த பிள்ளையைக் கூப்பிட்டு, "உனக்கு வேற குரூப் கிடைக்காது, தொழிற்பிரிவுக்குப் போ" என்கிறோம். அந்தப் பிள்ளை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வகுப்புக்குள் நுழைகிறது. எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள், அந்த வார்த்தை ஆறு மாதம் உறுத்தியது. அப்புறம் எப்படி ஆர்வம் வரும்? தொழிற்பிரிவு முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டு சேரலாம். பொறியியல் கலந்தாய்விலும் தொழிற்பிரிவு மாணவர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. இதை எத்தனை பெற்றோருக்குச் சொல்லியிருக்கிறோம்?

ஏற்காட்டுப் பள்ளிகளின் உறுப்பினர்களிடம் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். காப்பி அறுவடைக் காலத்தில் எஸ்டேட்டுகளில் பழத்தின் தோல் நீக்கும் பல்ப்பர் இயந்திரத்தின் மோட்டார் நின்றுவிட்டால் என்னைக் கூப்பிடுவார்கள். பறித்த பழத்தை அன்றைக்கே தோல் நீக்கியாக வேண்டும், விட்டால் புளித்துக் கெட்டுவிடும். அதனால் ராத்திரியானாலும் இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போவேன். போன சீசனில் அப்படிப் போனபோது தொழிலாளி ஒருவரின் மகன் எனக்கு டார்ச் பிடித்தான். "கெப்பாசிட்டர் போனா மோட்டார் உறுமுது, ஆனா ஏன்ணா சுத்த மாட்டேங்குது?" என்று கேட்டான். எனக்குக் கை நின்றுவிட்டது. ரொம்ப நாளாகப் பட்டறையில் இருப்பவர்கள்கூடக் கேட்காத கேள்வி அது. எந்த குரூப் படிக்கிறாய் என்றேன். கிடைத்த ஏதோ ஒரு குரூப்பைச் சொன்னான், சொல்லும்போது முகத்தில் ஒன்றுமில்லை. மலைக்கு மேலே மோட்டார் பார்க்க ஆளில்லாமல் கீழேயிருந்து நான் ஏறிப் போகிறேன், பார்க்கத் தெரிந்திருக்க வேண்டிய பையனோ பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நிற்கிறான். மலைப் பிள்ளைகளுக்கு வேளாண் பிரிவு போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். மிளகும் காப்பியும் அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். மின்சாரமும் செவிலியமும் கேட்டு வாங்குங்கள், பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்து.

கேட்கும் உரிமை உங்களிடம் இருக்கிறது, அதனால்தான் அமைச்சருக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் குழுவின் தலைவி ஒரு மாணவரின் அம்மா. உறுப்பினர்களில் பாதிக்கு மேல் பெற்றோர். அடுத்த கூட்டத்தில் உங்கள் பள்ளியில் தொழிற்பிரிவு இருக்கிறதா, இருந்ததா என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். ஆசிரியர் பணியிடம் காலியாக இருந்தால், எந்தத் தேதியிலிருந்து காலி என்பதையும் எழுதித் தீர்மானம் போட்டு மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலருக்கு அனுப்புங்கள். நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, பதில் வரும்வரை ஒவ்வொரு கூட்டத்திலும் எடுத்துப் பேசுங்கள். கூட்டம் முடிந்ததும் அந்த அறையைத் திறக்கச் சொல்லி ஒரு தடவை உள்ளே போய்ப் பாருங்கள்.

பழகுவதற்குச் சாமான் இல்லை என்று மட்டும் எந்தப் பள்ளியும் சொல்ல வேண்டாம். பிரித்துப் பார்க்கவும் மறுபடி கட்டிப் பார்க்கவும் ஏற்ற பழைய மோட்டார்கள் என் பட்டறையில் கிடக்கின்றன. பணிமனை திறந்திருக்கிறது, சொல்லித்தர ஆசிரியர் இருக்கிறார் என்று சொல்லுங்கள், நானே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்குகிறேன்.

இப்படிக்கு,
அரசுப் பள்ளித் தொழிற்பிரிவின் பழைய மாணவன்,
சேலம்.