தொட்டியும் இரண்டு ஓட்டைகளும்

தெம்பனிஸ்,
சிங்கப்பூர்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. முட்டி அறுவை சிகிச்சைக்குப் பிறகு சந்தை வரைக்கும் நடந்து போய் வருகிறாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. ஈப்போ மழையில் வழுக்கும், பார்த்து நட. இங்கே எல்லாரும் சுகம். பெரியவளுக்கு பொங்கோல் வீட்டுச் சாவி சீக்கிரம் கிடைத்துவிடும்.

"பெரிய மீன்தொட்டி வாங்கினாயாமே, யார் சொன்னது என்று கேட்காதே" என்று எழுதியிருக்கிறாய். என் வீட்டம்மாவைத் தவிர வேறு யார் சொல்லப் போகிறார்கள்! ஆமாம், வாங்கிவிட்டேன். 5 அடி நீளம், அகலமும் உயரமும் 2 அடி. கடல்மீன் வளர்த்து அலுத்துப்போன ஒருவரிடம் பழையதாகக் கிடைத்தது. தண்ணீர் மட்டுமே 500 கிலோவைத் தாண்டும் என்பதால், எங்கே வைக்கலாம் என்று தெரிந்த பொறியாளரிடம் கேட்டுத்தான் வைத்தேன்.

விஷயம் என்னவென்றால், அடிக்கண்ணாடியின் மூலையில் இரண்டு ஓட்டைகள். கடல்மீன் தொட்டியில் தண்ணீர் அது வழியாகக் கீழே அலமாரித் தொட்டிக்கு இறங்கி, பம்ப்பில் மேலே ஏறும். நான் வளர்க்கப்போவது நன்னீர் மீன், ஃபில்டரும் வெளியே நிற்கிற கேனிஸ்டர். எனக்கு அந்த ஓட்டைகள் தேவையே இல்லை.

கடைக்காரர் ஒருவர் "சிலிகானை உள்ளே பிதுக்கி அடைத்துவிடுங்கள்" என்றார். அது மட்டும் கூடாது. இத்தனைக்கும் ஓட்டையில் விழும் அழுத்தம் நீ நினைக்கிற அளவு பெரிதில்லை. தொட்டியின் நீளம் கணக்கில் வராது, ஆழம் மட்டும்தான். 60 சென்டிமீட்டர் தண்ணீருக்கு 45 மில்லிமீட்டர் ஓட்டையில் விழுவது சுமார் ஒரு கிலோ பாரம். ஆனால் அது இரவும் பகலும் வருஷக்கணக்கில் தள்ளும். கண்ணாடியின் வெட்டு விளிம்பை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும் சிலிகான் என்றைக்காவது கழன்றால், அடி ஓட்டை என்பதால் ஒரு சொட்டு மிஞ்சாது. மொத்தமும் கீழ் வீட்டுக்காரர் கூரைக்கு.

ஒரு ஓட்டைக்கு பல்க்ஹெட், அதாவது ஓட்டையில் நுழைத்து நட்டால் இறுக்குகிற பிளாஸ்டிக் குழாய் இணைப்பு, போட்டு அதன் வாயில் மூடி திருகினேன். வாங்கப் போகும்போது ஓட்டையை அளந்துகொண்டு போக வேண்டும், ஏனென்றால் ஒரு இஞ்ச் என்று பெயர் போட்டதற்கு ஓட்டை 45 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். சிராங்கூன் நார்த் மீன் கடைகளில் கிடைத்தது. ரப்பர் வளையம் தொட்டிக்கு உள்ளே, விளிம்புத் தட்டுக்கு அடியில் உட்கார வேண்டும். அதில் சிலிகான் தடவாதே, வழுக்கி விலகும். கையால் இறுக்கி, அப்புறம் கால் சுற்று, அவ்வளவுதான். பலம் காட்டினால் கண்ணாடி விரிசல் விடும். மூடியின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றினேன். நாளைக்கு மனம் மாறினால் திறந்துகொள்ளலாம் என்பது இதில் எனக்குப் பிடித்த விஷயம்.

இன்னொரு ஓட்டையின் ஓரம் சில்லு உடைந்திருந்ததால் வளையம் பொருந்தவில்லை. அதற்குக் கண்ணாடித் துண்டு ஒட்டினேன், ஓட்டையைச் சுற்றி எல்லாப் பக்கமும் 5 சென்டிமீட்டர் கூடுதலாக. உள்பக்கம்தான் ஒட்ட வேண்டும், தண்ணீரே அதை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வெளியே ஒட்டினால் அதே தண்ணீர் அதைத் தள்ளிவிடப் பார்க்கும். பழைய சிலிகான்மேல் புதியது ஒட்டாது, அதனால் பிளேடால் சுரண்டி, ஆல்கஹாலால் துடைத்தேன். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த குளியலறை சிலிகான் வேண்டாம், மீனுக்கு ஆகாது. காயும்வரை வீடெல்லாம் வினிகர் வாசம். வீட்டம்மா ஊறுகாய் போடுகிறேனா என்று கேட்டாள்.

ஒரு வாரம் காயவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினேன். அடியில் டிஷ்யூ பேப்பர் விரித்து வைத்தால் துளி ஈரமும் உடனே காட்டிக்கொடுக்கும். இதுவரை காய்ந்தபடியே இருக்கிறது. இங்கே குழாய்த் தண்ணீரில் கிருமி கொல்லக் கலக்கும் குளோரமின் இருக்கிறது, அது மீனுக்கு ஆகாது, இரவெல்லாம் பிடித்து வைத்தாலும் போகாது, அதை முறிக்கும் மருந்து ஊற்றித்தான் தீர வேண்டும்.

மகன் அரோவானாதான் வேண்டும் என்கிறான். வளர்ந்தால் 2 அடி அகலத்தில் அது திரும்பவே சிரமப்படும். டிஸ்கஸ் மீன் விடலாம் என்று பார்க்கிறேன். நீ என்ன சொல்கிறாய்? பொங்கலுக்கு அண்ணியையும் கூட்டிக்கொண்டு வா, பஸ் டிக்கெட்டை இப்போதே எடுத்துவிடு.

உன் பழைய நண்பன்