ரசீதுப் புத்தகத்தில் என் எண் இருந்தது

பினாங்கு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம். ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவில் பூக்கடை வைத்திருக்கிறேன். சட்டம் படித்தவள் இல்லை. ஆனால் 2001-ஆம் ஆண்டு சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின், அதாவது அம்லாவின், 61-ஆம் பிரிவைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அப்படி ஆக்கிவிட்டது ஒரு பழைய வேன்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் பூ ஏற்ற வேண்டுமே என்று 14,500 ரிங்கிட் ரொக்கமாகக் கொடுத்து வாங்கினேன். பேர் மாற்றம் முடியவில்லை, வண்டி வியாபாரியின் களத்திலேயே நின்றது. ஏதோ முதலீட்டு மோசடிப் பணத்தில் அவர் தொழில் நடத்தினாராம். ஒரு நாள் காலை அதிகாரிகள் வந்து எல்லா வண்டிகளையும் எடுத்துப் போனார்கள். ரசீதுப் புத்தகத்தையும்தான். என் பேர், கைப்பேசி எண், கட்டிய தொகை எல்லாம் அதில் இருந்தன.

யாரும் கூப்பிடவில்லை.

56-ஆம் பிரிவுப்படி யார் மீதும் குற்றவியல் வழக்குப் போடாமலேயே சொத்தைப் பறிமுதல் செய்யக் கோரலாம். கைப்பற்றிய 12 மாதத்துக்குள் அரசுத் தரப்பு மனுப் போட வேண்டும். என்னைப் போன்ற மூன்றாம் தரப்பினர் நீதிமன்றத்துக்கு வந்து காரணம் காட்டும்படி அரசிதழில் அறிவிப்பு வரும். அரசிதழ்! கதம்பம் கட்டுகிறவள் அதை எங்கே போய்ப் பார்ப்பது? என்னைப் போலவே பணம் கட்டியிருந்த ஒருவரின் மகன் தற்செயலாகச் சொன்னான், விசாரணைக்கு மூன்று நாள் முன்பு. அலறியடித்துக்கொண்டு வக்கீலிடம் ஓடினேன்.

அப்புறம் தெரிந்தது, வேனைத் திரும்பப் பெற அந்த 61-ஆம் பிரிவு சொல்லும் ஐந்து நிபந்தனைகளையும் நான்தான் நிரூபிக்க வேண்டுமாம். எனக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது, குற்றத்தில் பங்கில்லை, அது எனக்குத் தெரியவும் தெரியாது என்பதெல்லாம் சரி, நியாயம். கடைசி நிபந்தனைதான் தொண்டையில் சிக்குகிறது: சொத்து தவறாகப் பயன்படாமல் தடுக்க, நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய எல்லாவற்றையும் செய்திருக்க வேண்டும். வண்டி விற்கிறவரின் வங்கிக் கணக்கையா நான் கேட்டிருக்க வேண்டும்?

பத்தொன்பது மாதம் கழித்து வேன் வந்தது. நான்கு டயரும் தரையோடு ஒட்டிக் கிடந்தன, சீட்டில் பூஞ்சை. வக்கீலுக்குக் கொடுத்த பணத்தை நான் கணக்குப் பார்க்கவில்லை. பார்த்தால் வேன் மேலேயே வெறுப்பு வந்துவிடும்.

திருடிய பணத்தில் வாங்கியதைப் பிடுங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பினாங்கில் எத்தனை குடும்பம் ‘பண விளையாட்டு’ என்கிற முதலீட்டு மோசடியில் சேமிப்பைத் தொலைத்திருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். நான் கேட்பது சின்னத் திருத்தம். கைப்பற்றிய ஆவணத்தில் யாருடைய பேரும் எண்ணும் இருக்கிறதோ, அவருக்கு அறிவிப்பு நேரடியாகப் போக வேண்டும். அதனுடன் தமிழிலும் சீனத்திலும் ஒரு பக்க விளக்கம். அவ்வளவுதான்.

அந்தப் புத்தகத்தில் எனக்கு முன்னும் பின்னும் ரசீது வாங்கியவர்கள் இருந்தார்கள். விசாரணையன்று நீதிமன்றத்தில் நானும் அந்தப் பையனின் அப்பாவும் மட்டும்தான் உட்கார்ந்திருந்தோம்.

இப்படிக்கு,
ஒரு பூக்கடைக்காரி, ஜார்ஜ் டவுன்