கல்கரின்ஜியில் நடந்த நடை

அன்புள்ள சேகர்,

நலம்தானே? உன் கடிதம் வந்தபோது நான் டார்வினில் இல்லை, இதே வட ஆஸ்திரேலியாவில் உள்ள கல்கரின்ஜி போயிருந்தேன். தெற்கே 800 கிலோமீட்டர் இருக்கும். கேத்தரின் என்ற ஊரைத் தாண்டிப் போகப்போக ரோடு ஒற்றை வண்டி அகலத்துக்குக் குறுகிவிடுகிறது, எதிரே மாடு ஏற்றிய நெடும் லாரி வந்தால் நாம்தான் செம்மண்ணில் இறங்கி ஒதுங்க வேண்டும். குரிந்ஜி பழங்குடி மக்களின் ஊர். ஒவ்வொரு ஆகஸ்டிலும் அங்கே சுதந்திர நாள் விழா நடக்கிறது. நீ இத்தனை வருஷம் தொழிற்சங்கத்தில் இருந்தவன், அதனால் உனக்குத்தான் முதலில் சொல்லத் தோன்றியது.

விழாவுக்குக் காரணம் இதுதான்: 1966 ஆகஸ்ட் 23 அன்று அந்தப் பக்கத்து வேவ் ஹில் மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்த மாடு மேய்ப்பவர்கள், வீட்டு வேலை செய்த பெண்கள், பிள்ளைகள் என்று சுமார் 200 பேர் வின்சென்ட் லிங்கியாரி தலைமையில் நடந்தே வெளியேறினார்கள். பண்ணை பிரிட்டனின் வெஸ்டி குடும்பத்துடையது. உழைப்புக்குப் பெரும்பாலும் மாவு, சர்க்கரை, டீத்தூள், உப்பிட்ட மாட்டிறைச்சி, புகையிலை, இவ்வளவுதான். அந்த வருஷம் மார்ச்சில் பழங்குடித் தொழிலாளிகளுக்கும் சம ஊதியம் என்று தீர்ப்பு வந்தும், அமல்படுத்த 1968 டிசம்பர் வரை முதலாளிகளுக்குத் தவணை கொடுத்துவிட்டார்கள். அதனால் வெளியே பலரும் இதைக் கூலிப் போராட்டம் என்றே நினைத்தார்கள். ஆனால் அடுத்த வருஷமே அவர்கள் வாட்டி கிரீக் ஓடைக்கரையில் குடியேறி, எங்கள் நிலத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கவர்னர் ஜெனரலுக்கு மனுப் போட்டார்கள். மனுவை நிராகரித்தார்கள். இவர்கள் அசையவில்லை! கூலியைக் கூட்டித் தருகிறோம் என்றால் திரும்பிப் போகிற ஆட்கள் இல்லை சேகர் அவர்கள், எனக்கு இதுதான் பெரிய விஷயம்.

விழாவில் அந்த நடையை மறுபடி நடக்கிறார்கள். கறுப்பும் சிவப்பும் நடுவில் மஞ்சள் வட்டமுமான கொடி முன்னால் போக, சக்கர நாற்காலியில் ஒரு பாட்டி, அவரைத் தள்ளிக்கொண்டு இரண்டு பேத்திகள், தோளில் பிள்ளையை வைத்த அப்பாக்கள், செருப்பில்லாமல் முன்னே ஓடிவிட்டுத் திரும்பி வரும் பொடிசுகள். பாட்டி வழியெல்லாம் கை நீட்டி இடங்களைக் காட்டிக்கொண்டே வந்தார், பேத்திகள் ஒவ்வொரு பேரையும் திருப்பிச் சொன்னார்கள். அப்புறம் கால்பந்து, கூடைப்பந்து, ராத்திரி பாட்டுக் கச்சேரி. அதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது, என் மனசு அந்த நடையிலேயே நின்றுவிட்டது.

1975 ஆகஸ்ட் 16-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் கஃப் விட்லம், நிலத்தைத் திருப்பித் தருவதற்கு அடையாளமாக லிங்கியாரியின் உள்ளங்கையில் மண்ணைக் கொட்டுகிற படத்தை நீ பார்த்திருப்பாய். எடுத்தவர் மெர்வின் பிஷப், அவரும் பழங்குடிதான். கூரை நிழலில் நடந்ததை வெளியே வரச்சொல்லி, நீல வானம் தெரிய மறுபடி கொட்டவைத்து எடுத்தார். ஆனால் அன்று கிடைத்தது குத்தகை உரிமைதான். முழு உரிமை 1986-இல்தான் வந்தது. லிங்கியாரி 1988-இல் இறந்துவிட்டார். வேவ் ஹில் பண்ணையின் 5,000 சதுர கிலோமீட்டரில் அவர்களுக்குப் பூர்வீக உரிமை உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது 2020-இல்! படத்தைப் பார்த்துவிட்டு எல்லாம் அன்றே முடிந்தது என்று பேசுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, 2026 ஆகஸ்டில் 60-ஆம் ஆண்டு. விசா வேலையை இப்போதே ஆரம்பி, கேத்தரினிலிருந்து நான் வண்டி ஓட்டுகிறேன். கமலாவையும் கூட்டி வா. முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
முரளி