மகளிர் அணிக்குத் தனிக் கணக்கு போடுங்கள்

ஆண்கள் அணியோடு மகளிர் அணியையும் நடத்தும் கால்பந்துக் கிளப்புகளின் உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

வணக்கம்.

பல வருடங்களாக மகளிர் கால்பந்தை விடாமல் பார்த்துவரும் ரசிகை நான். உங்களிடம் கேட்க ஒரே ஒரு விஷயம்தான் இருக்கிறது. உங்கள் ஆண்கள் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கினாலும், கிளப் கடனில் மாட்டினாலும், முதலில் கைவைப்பது மகளிர் அணியின் பணத்தில் என்ற வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

சும்மா பயந்து எழுதவில்லை. இங்கிலாந்தின் ரெடிங் கிளப் 2024-ல் பண நெருக்கடியைக் காட்டித் தன் மகளிர் அணியை இரண்டாம் பிரிவிலிருந்து விலக்கிக்கொண்டது. அதற்கு முந்தைய வருடம் வரை முதல் பிரிவில் ஆடிய அணி அது. ஐந்தாம் பிரிவுக்குப் போக வேண்டியதாயிற்று. 2025-ல் பிளாக்பர்ன் ரோவர்ஸும் இரண்டாம் பிரிவுக்கான உரிமத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டு மகளிர் அணியை விலக்கிக்கொண்டது. இந்த இரண்டு அணிகளுமே ஆடித் தோற்றுக் கீழே இறங்கவில்லை. சீசன் முழுக்க ஓடி, பிரிவில் நிலைத்திருக்கத் தேவையான புள்ளிகளைச் சேர்த்த பிறகு, வேறு யாரோ போட்ட கணக்கால் இறக்கப்பட்டார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

“கூட்டம் வந்தால் பணம் வரும், பணம் வந்தால் செலவழிப்போம்” என்பது உங்களில் பலர் சொல்லும் பதில். கூட்டம் வந்ததுதான், நூறு வருடங்களுக்கு முன்பே வந்தது. 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானத்தில் டிக் கெர் தொழிற்சாலைப் பெண்களின் அணியும் செயின்ட் ஹெலன்ஸ் அணியும் மோதியதைப் பார்க்க சுமார் 53,000 பேர் வந்தார்கள். இடமில்லாமல் வெளியே நின்றவர்களே பல ஆயிரம். அடுத்த வருடம் டிசம்பர் 5 அன்று இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம், தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. கதவைச் சாத்தியது உங்களைப் போன்ற கிளப்புகளின் மைதானங்களில்தான் என்பதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். அந்தக் கதவு திறக்க ஏறத்தாழ ஐம்பது வருடம் ஆனது. பிரேசிலில் 1941 முதல் 1979 வரை, மேற்கு ஜெர்மனியில் 1955 முதல் 1970 வரை இதே கதை.

ஆண்கள் கால்பந்தில் சம்பளம் வாங்கி ஆடுவது இங்கிலாந்தில் 1885-லேயே அனுமதிக்கப்பட்டுவிட்டது. 1888-ல் லீக் தொடங்கியது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு மைதானத்துக்குப் போன பையன், பிறகு தன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போவான் என்று நாலைந்து தலைமுறையாகச் சேர்ந்த கூட்டம் உங்களுடையது. இங்கிலாந்தின் மகளிர் சூப்பர் லீக் முழுநேரத் தொழில்முறை லீக் ஆனதே 2018-ல்தான். இரண்டையும் ஒரே தராசில் வைத்து “லாபம் எங்கே?” என்று கேட்பது நியாயமே இல்லை.

சரி, பொறுமையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவைப் பாருங்கள். 1999 மகளிர் உலகக் கோப்பை இறுதிப் போட்டிக்கு ரோஸ் பவுல் மைதானத்தில் 90,185 பேர் வந்தார்கள். அந்த உற்சாகத்தில் 2001-ல் தொடங்கிய தொழில்முறை லீக், மூன்றே சீசனில் பணத்தைக் கரைத்துவிட்டு, 2003 உலகக் கோப்பை தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது மூடப்பட்டது. 2009-ல் ஆட்டத்தைத் தொடங்கிய இரண்டாவது லீக் மூன்று சீசன்தான் ஓடியது. மூன்றாவதான என்டபிள்யூஎஸ்எல் 2013-ல் அடக்கமான செலவோடு தொடங்கியது. தேசிய அணி வீராங்கனைகளின் சம்பளத்தை அமெரிக்கக் கால்பந்துச் சங்கமே ஏற்றுக்கொண்டது. அப்புறம் நடந்தது உங்களுக்கே தெரியும். 2023 இறுதியில் நான்கு வருட ஒளிபரப்பு உரிமை 24 கோடி டாலருக்குப் போனது. 2024-ல் கான்சஸ் சிட்டியில் மகளிர் தொழில்முறை அணிக்கென்றே 11,500 இருக்கைகளோடு கட்டிய மைதானம் திறக்கப்பட்டது. அதே வருடம் ஏஞ்சல் சிட்டி கிளப்பை 25 கோடி டாலர் மதிப்பில் வாங்கினார்கள். இரண்டு முறை இழுத்து மூடிய பிறகு, இது எடுபடாது என்று எல்லாரும் கைகழுவியிருந்தால் இவற்றில் ஒன்றுகூட நடந்திருக்காது.

ஆண்கள் கிளப்போடு சேர்ந்திருப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. மருத்துவர்கள், பயிற்சி மைதானம், பெயர், ரசிகர்கள் என்று பலவும் தொடக்க நாளிலேயே கிடைத்துவிடுகின்றன. பிரான்ஸின் லியோன் கிளப்பின் தலைவராக இருந்த ஜான்-மிஷேல் ஓலாஸ் 2004-ல் மகளிர் அணியைச் சேர்த்துக்கொண்டு விடாமல் பணம் போட்டார். ஆண்கள் அணி ஒருமுறைகூட வெல்லாத ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக்கை மகளிர் அணி எட்டு முறை வென்றது. ஆனால் நல்ல கிளப்பிலும் இடறல் உண்டு. அதே லியோனில் ஆடிய ஐஸ்லாந்து வீராங்கனை சாரா பியோர்க் குன்னார்ஸ்டோட்டிர், கர்ப்ப காலத்தில் தனக்குச் சேர வேண்டிய சம்பளத்துக்காக ஃபிஃபா தீர்ப்பாயம் வரை போக வேண்டியிருந்தது. 82,000 யூரோவுக்கு மேல் அவருக்குக் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. பேறுகால விடுப்பை ஃபிஃபா விதியாக்கியதே 2021-ல்தான். உங்கள் கிளப்பின் ஒப்பந்தத் தாளில் அது இருக்கிறதா என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

மைதானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022-ல் கிளப்பின் பெரிய மைதானமான கேம்ப் நூவில் பார்சிலோனா மகளிர் அணி ரியல் மாட்ரிட்டோடு மோதியபோது 91,553 பேர், அடுத்த மாதம் வொல்ஃப்ஸ்பர்க்கோடு மோதியபோது 91,648 பேர். ஆனால் அந்த அணி வழக்கமாக ஆடும் யோஹான் கிரைஃப் மைதானத்தில் சுமார் 6,000 பேர்தான் உட்கார முடியும். பெரிய நாளில் பெரிய கூட்டம் வரும். அதை வாராவாரம் வரும் கூட்டமாக மாற்றுவதுதான் கஷ்டம். இங்கிலாந்தின் மகளிர் சூப்பர் லீக்கில் 2024-25 சீசனில் சராசரிக் கூட்டம் முந்தைய சீசனைவிடக் குறைந்தது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. வருடத்துக்கு ஒரு நாள் பெரிய மைதானத்தைத் திறந்துவிட்டு, மற்ற நாட்களில் பேருந்துகூடச் சரியாகப் போகாத இடத்துக்கு ஆட்டத்தை அனுப்பினால் ரசிகருக்குப் பழக்கம் எப்படி வரும்? ஆர்சனல் 2025-26 சீசனில் தன் லீக் உள்ளூர் ஆட்டங்கள் எல்லாவற்றையும் ஆண்கள் அணி ஆடும் எமிரேட்ஸ் மைதானத்திலேயே ஆடுவதாக அறிவித்தது. நான் விரும்புவது இதைத்தான். எங்கே, எப்போது என்று தேடாமல் போய்ப் பார்க்க ஓர் இடம் வேண்டும்.

முழங்கால் தசைநார் காயம் தனி மடலே எழுத வேண்டிய விஷயம். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பல மடங்கு அதிகம் வருகிறது. இங்கிலாந்தின் லியா வில்லியம்சன், பெத் மீட், நெதர்லாந்தின் விவியான் மீடெமா மூவரும் 2023 உலகக் கோப்பையை இதனால்தான் இழந்தார்கள். ஆண்களின் பாதத்துக்குச் செய்த காலணியைச் சிறிதாக்கிக் கொடுப்பதும், மோசமான தரையில் பயிற்சி செய்ய வைப்பதும் இனியாவது நிற்க வேண்டும். காலணி நிறுவனங்களோடு பேரம் பேசும் பலம் வீராங்கனைகளைவிட உங்களுக்குத்தான் அதிகம்.

நான் கேட்பது பெரிய தொகை அல்ல. மகளிர் அணிக்கு மூன்று வருடத்துக்கான பணத்தை ஆண்கள் அணியின் முடிவுகளோடு முடிச்சுப் போடாமல், தனிக் கணக்கில் எழுத்து மூலம் ஒதுக்குங்கள். சட்டை விளம்பரத்தை ஆண்கள் ஒப்பந்தத்தோடு இலவச இணைப்பாகத் தள்ளிவிடாமல் தனியாக விற்றுப் பாருங்கள். தனியாக விற்காதவரை அதன் விலை என்னவென்று உங்களுக்கே தெரியாது.

நிஜமாகவே முடியவில்லை என்றால், சீசன் முடிந்த கையோடு கலைக்காமல், நடத்த ஆசைப்படுபவர்களிடம் முன்கூட்டியே ஒப்படையுங்கள். மில்வால் கிளப்பின் மகளிர் அணி 2019-ல் பிரிந்து லண்டன் சிட்டி லயனெஸஸ் ஆனது. பின்னால் அமெரிக்கத் தொழிலதிபர் மிஷேல் காங் அதை வாங்கினார். ஆண்கள் கிளப் எதையும் சாராத அந்த அணி 2025-ல் முதல் பிரிவுக்கு ஏறிவிட்டது.

அடுத்த சீசன் வரவு செலவு உங்கள் மேசைக்கு வரும்போது மகளிர் அணியின் பயிற்சியாளரையும் தலைவியையும் கூப்பிட்டு உட்கார வைத்து, அந்தப் பக்கத்தை அவர்கள் முன்னால் படியுங்கள்.

அன்புடன்,
ஒரு ரசிகை