அடகுக்கடைக்கும் அந்த விதி வேண்டும்

ஐயா,

நகைக்கடன் பற்றிய தங்கள் தலையங்கம் படித்தேன். அலைபேசியிலேயே கடன் கிடைக்கும் காலத்தில் மக்கள் ஏன் இன்னும் அடகுக்கடைக்குப் போகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். அறியாமை காரணமல்ல. கடன் செயலி சம்பளக் கணக்கையும், பழைய கடன்களை ஒழுங்காகக் கட்டினோமா என்று காட்டும் சிபில் மதிப்பெண்ணையும் பார்க்கிறது. அடகுக்கடைக்காரர் நகையை மட்டும் உரசிப் பார்க்கிறார். எங்கள் தெருவில் பூ விற்கும் அம்மாவுக்கு வியாபாரப் பணம் பெரும்பாலும் க்யூஆர் அட்டை வழியாகத்தான் வருகிறது. ஆனாலும் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குத் தோட்டைத்தான் அடகு வைத்தார். கட்ட முடியாவிட்டால் தோடு போகும், அவ்வளவுதான். கடன் செயலிக்காரர்கள் மாதிரி சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டு மானத்தை வாங்க மாட்டார்களே என்றார். அந்தப் பயம் நியாயமானது.

2025 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிகளின்படி, கடனை அடைத்த பிறகும் கடன் தந்தவர் நகையைத் திருப்பித்தரத் தாமதித்தால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும். நல்ல விதி. ஆனால் அது வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும்தான். தமிழ்நாட்டு அடகுக்கடைகளோ 1943ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மாநில அரசிடம் உரிமம் பெற்று நடப்பவை. பாதுகாப்பு அதிகம் தேவைப்படும் ஏழைகள் போவது அங்கேதான். தமிழக அரசு அச்சட்டத்தைத் திருத்தி, கடன் தொகைக்கு ஏற்ற இழப்பீட்டை அடகுக்கடைகளுக்கும் கட்டாயமாக்க வேண்டும்.

- ஒரு வாசகர், திருச்சி